பன்னிரண்டு மணி மாமா

மாமாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அதனால் நல்லதாக மட்டும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை.

அவர் என் அம்மாவின் தம்பி. அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், போர்வெல் மோட்டாரும் குழாயும் விற்கிற கடை அவருடையது. இருபது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த உடம்பு. நூற்று நாலு கிலோ. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரும்புக் குழாய் நிறுக்கிற மேடைத் தராசில் தினமும் காலையில் அவரே ஏறி நின்று, காட்டுகிற எண்ணைக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். மோட்டார் வாங்க வந்த சம்சாரிகள், அதாவது விவசாயிகள், முதலில் மாமாவின் எடையைப் படித்துவிட்டு, அப்புறம்தான் மோட்டாரின் விலையைக் கேட்பார்கள்.

ஒருநாள் செல்போனில் யாரோ ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டிருக்கிறார். இரவு எட்டு மணியிலிருந்து மறுநாள் பகல் பன்னிரண்டு வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. பன்னிரண்டிலிருந்து எட்டுக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். எடை தானாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய இந்தச் சங்கதியை மாமா ஏழு மாதம் ஊருக்குச் சொன்னார்.

அதற்கு அவர் ஒரு பேரும் வைத்திருந்தார். கேட்டு, ரயில்வே கேட்டு மாதிரி. "பன்னெண்டுக்குக் கேட்டு திறக்கும். எட்டுக்கு அடைச்சிரும். நடுவுல ரயிலே வந்தாலும் திறக்காது" என்பார். காப்பி வேண்டுமா என்று கேட்டால் "கேட்டு போட்டிருக்கு தாயி" என்று பதில் வரும். வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்ல அவருக்குத் தெரியாது.

நான் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பன்னிரண்டு மணி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். பதினொன்றரைக்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் அடுப்பைப் பார்க்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படும். பசியைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது மாமா வாயில்தான்.

கடை வாசலைக் கூட்ட வருகிற அக்கா ஒருத்தி உண்டு. அவள் ஒருநாள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் காலையில சாப்புட்டு முப்பது வருசமாச்சு. எனக்கு என்ன பேரு வச்சிருக்காக செல்லுல?"

மாமா மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்க்கடை பாய் துணி வியாபாரி. மாமாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாமாவைக் கிண்டல் பண்ண அவருக்கு மட்டும் உரிமை இருந்தது. "மாப்ள, நாங்க வருசத்துக்கு ஒரு மாசம் நோன்பு வைக்கிறோம். தண்ணிகூடக் கெடையாது. பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியாது. நீ காலைச் சாப்பாட்ட விட்டது காரியாபட்டி வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"நீங்க சாமிக்கு இருக்கீக. இது விஞ்ஞானம்" என்றார் மாமா.

"அப்ப சாயந்தரம் ஏழே முக்காலுக்குப் புரோட்டாக் கடையில நடக்கிறது என்ன விஞ்ஞானம்?"

பாய் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் பொரித்த புரோட்டா ஆறு, அதற்கு மேல் சால்னா, பக்கத்தில் ஒரு தட்டில் சுக்கா. மேஜையின் மேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஏழு ஐம்பதுக்கு மேல் மெல்லுவது நின்று விழுங்குவது மட்டும் நடக்கும். ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஒரு வாழைப்பழம். எட்டு அடிக்கும்போது வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, உலகத்தைத் துறந்தவர் மாதிரி ஒரு முகத்தோடு எழுந்திருப்பார். அடுத்த மேஜைக்காரர்கள் அவர் எழுந்து போகும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் எடை குறைந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. முதல் மூன்று மாதத்தில் பதின்மூன்று கிலோ. சுவரில் தொண்ணூற்றொன்று என்று எழுதினார். முழங்கால் வலி போனது. கடைப் பரணில் ஏணி போட்டு ஏறிச் சாமான் எடுத்தார். பழைய பேண்டை இடுப்பில் பிடித்து இழுத்துக் காட்டி "இதுக்குள்ள இன்னொரு ஆள் நிக்கலாம்" என்பார். பஜாரில் நாலு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். யோசனை கேட்டவர்களுக்குச் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். இன்சுலின் தூங்குகிற நேரத்தில் அதை எழுப்பக் கூடாது என்பார், ஏதோ அவர் வீட்டுத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி. அந்த நாட்களில் அவரைப் பார்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் சத்தமே இல்லை. அத்தையைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு கிண்ணத்தில் நேற்றைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தார். திருடியவள் மாதிரி.

"என்ன அத்தை இது?"

"சத்தம் போடாதடி. மாமா எந்திரிச்சிட்டாக. காலையில தாளிக்கக் கூடாதுன்னு உத்தரவு. கடுகு வெடிச்சா வாசம் வருதாம். வாசம் வந்தா மனசு கெடுதாம்."

"அவுக மனசு கெட்டா நீங்க ஏன் பின்வாசல்ல நிக்கணும்?"

"முன்னாடி நின்னு தின்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறாக. விடு. இது என்ன புதுசா."

நான் விட்டுவிட்டேன். அத்தை சொன்னார் என்று விட்டது என் தப்பு.

நான்காவது மாதம் எடை நின்றுவிட்டது. தொண்ணூற்றொன்று. மறுநாளும் தொண்ணூற்றொன்று. தராசில் கோளாறு என்று ஆள் வைத்துப் பார்த்தார். தராசு நன்றாக இருந்தது. அப்புறம் அத்தைமேல் சந்தேகம் வந்தது. குழம்பில் எண்ணெய் அதிகம், உப்பு அதிகம், இட்லி மாவில் உளுந்து அதிகம். எண்ணெய்ப் பாட்டிலில் கோடு போட்டுவைத்தார். ஆறு புரோட்டாவைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. புரோட்டா கேட்டுக்குள் வந்ததாம், அதனால் கணக்கில் வராதாம்.

எடை இறங்காததால் அவர் நாளைப் பிடித்துக்கொண்டார். போனில் ஏதோ ஒன்றை ஏற்றிவைத்திருந்தார். விடாமல் இருந்தால் அது நாளைக் கூட்டிக்கொண்டே போகும், ஒருநாள் விட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சாக்பீஸ் எண்ணை அழித்துவிட்டார். அதன் பிறகு அவர் வாயில் கிலோ வரவில்லை, நாள்தான் வந்தது. நூற்று நாற்பது. நூற்று எண்பது. மெலிவதற்குத்தான் பட்டினி என்பது போய், பட்டினிக்காகவே பட்டினி என்று ஆனது.

அந்தச் சமயத்தில் காலை பத்து மணிக்கு மேல் அந்தக் கடைக்குப் போகாதே என்று பஜாரிலேயே சொல்லிக்கொள்வார்கள். பந்தல்குடியிலிருந்து ஒரு மிளகாய்ச் சம்சாரி வந்தார். செடி வாடுகிறது, மோட்டார்க் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு வேண்டும் என்று அவசரமாகக் கேட்டார். மாமா அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் வீட்டுக்குப் போய்ப் பொருத்திப் பார்த்து, மறுபடி பஸ் ஏறித் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டேகால். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "காலையில வந்தா இப்பிடித்தான் ஆகும். நீங்க ஏன் பன்னெண்டுக்கு மேல வரல?" என்று அந்த ஆளையே கேட்டார். கைகூடக் கழுவாமல் கேட்டார்.

நாங்கள் ஓட்டுக் கூரையை மாற்றி இரண்டு அறை கான்கிரீட் போட்டபோது, விடியற்காலையில் பால் காய்ச்சினோம். பொங்கிய பாலில் ஒரு வாய் எல்லோரும் குடிக்க வேண்டும். மாமாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். உதட்டில் வைத்தார், தொண்டை அசையவில்லை. பேசிக்கொண்டே வெளியே போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். புதிதாக நட்ட கறிவேப்பிலைச் செடியின் அடியில் பாலை ஊற்றிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். செடி காய்ந்துவிடும் என்ற கவலை எனக்கு. அவருக்கு அன்று நூற்றைம்பதாம் நாள்.

இப்போது வனிதா விஷயத்துக்கு வருகிறேன்.

வனிதா என் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லாத வீடு என்பதால் மாமாதான் முன்னால் நின்று பேச வேண்டும். நான்காவதாக நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. கண்மாய்ப் பாசனத்தில் நெல், கொஞ்சம் ஆடு, சொந்தமாக டிராக்டர். பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குப் பிடித்துவிட்டது. இவளுக்கும் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் போனில் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு வனிதா சொன்னாள்:

"அக்கா, இதுவும் நின்னு போச்சுன்னா என்னய இன்னொரு ஆளு முன்னாடி சேல கட்டி நிக்கச் சொல்லாதீக."

இனி பாக்கி இருந்தது நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது மட்டும். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்களுக்குப் பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சாப்பிடாமல் எழுந்ததே பதில். பெண்ணின் தாய்மாமன் முதல் இலையில் உட்காராமல் மற்றவர்கள் உட்கார முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் கை நனைத்தாக வேண்டும். முந்தின நாளே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கேட்டத் திறந்து வைங்க."

"நீ ஒண்ணும் கவலப்படாத தாயி. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வேனில் அம்மா, நான், மாமா, அத்தை. வழியெல்லாம் வேலிக்கருவை மரம். அத்தை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அந்த வீட்டுக்குப் பெரிய ஆள். அவரே வாசலுக்கு வந்து கும்பிட்டுக் கூப்பிட்டார். வயலைக் காட்டினார், தொழுவத்தைக் காட்டினார். மாமா எல்லாவற்றையும் பார்த்து, மோட்டார் எத்தனை எச்பி என்று கேட்டுத் தலையாட்டினார். உள்ளே ஜமுக்காளம் விரித்து நாலு இலை போட்டிருந்தார்கள். கேசரி, வடை, இட்லி, சாம்பார். மாப்பிள்ளையின் அம்மா நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி, நேரம் ஆகுது" என்றார் பெரியப்பா. மணி பத்தாகப் போகிறது.

மாமா உட்காரவில்லை. "தண்ணி மட்டும் குடுங்க" என்றார்.

சொம்பில் தண்ணீர் வந்தது. அண்ணாந்து மடமடவென்று குடித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணாச்சி, எதுவும் கொறையா?" என்றார் பெரியப்பா.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. வீடு நல்ல வீடு. எனக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் கேட்டு திறக்கும்."

"எந்த கேட்டு?"

மாமா விளக்க ஆரம்பித்தார். எட்டிலிருந்து பன்னிரண்டு, பதினாறு மணி நேரம், இன்சுலின். கேசரியில் ஈ உட்காராமல் ஒருவர் விசிறிக்கொண்டே நின்றார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதலில் ஒரு வழி தெரிந்தது.

"விரதமா அண்ணே? வெள்ளிக்கெழம விரதம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா பாலும் பழமும் எடுத்து வச்சிருப்பேனே."

எவ்வளவு நல்ல பெண்பிள்ளை. எங்களுக்காக அவளே ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாம்மா, விரதந்தான். அம்மனுக்கு வேண்டுதல்" என்றேன்.

மாமா என்னைத் திருத்தினார்.

"விரதமெல்லாம் இல்ல. சாமிக்கு இல்ல, இது ஒடம்புக்கு. பாலு பழம்கூடத் தொடக் கூடாது. இன்னைக்கு இருநூத்திப் பதினாலாவது நாள். ஒருநாள் விட்டாப் பூஜ்யத்துக்கு வந்துரும். எனக்குப் பொய் சொல்ல வராது."

பொய் சொல்ல வராதாம். கறிவேப்பிலைச் செடி அடியில் பாலை ஊற்றியவருக்கு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதோரம் சொன்னேன். "மாமா, ஒரு வாய் கேசரி. வனிதாவ நெனச்சுக்கங்க." அவரும் மெதுவாகத்தான் சொன்னார், "பன்னெண்டு வரைக்கும் இருப்போம் தாயி. ராகு காலமும் முடிஞ்சிரும், கேட்டும் திறந்திரும். எல்லாம் சரியா வருது பாரு." ராகு காலம் முழுவதும் ஒருவர் வீட்டில் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சரியாக வருகிறதாம்.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரிங்க. அப்பச் சொல்லி அனுப்புங்க" என்றார்.

நாங்கள் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். முடிந்தது. வனிதா வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். நான் போய் உட்கார்ந்தால் நடக்காது, அம்மா உட்கார்ந்தாலும் நடக்காது. மாமன் நிற்கும்போது நாங்கள் சாப்பிட்டால் அது வெறும் சாப்பாடு, சம்மதம் ஆகாது.

அப்போது சுவர் ஓரமாக நின்ற அத்தை நகர்ந்து வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமாவுக்கென்று போட்டிருந்த முதல் இலையின் முன்னால் உட்கார்ந்தார். டம்ளரில் இருந்த தண்ணீரை இலையில் தெளித்து வழித்துவிட்டார்.

"எனக்குப் பசிக்கிது" என்றார். "நேத்துச் சாயந்தரம் சாப்டது. வைங்க மதினி."

மதினி என்றார். உறவு முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை யாரையும் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசரி விழுந்தது. அத்தை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். "முந்திரி நெறையப் போட்ருக்கீக" என்றார். அப்புறம் இட்லி. இரண்டு, நான்கு. மறுபடியும் இரண்டு. சாம்பாரைக் குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டார். கல்யாணப் பேச்சுக்காகச் சாப்பிடுகிறவள் அப்படிச் சாப்பிட மாட்டாள். ஏழு மாதமாகக் காலைப் பலகாரத்தை உட்கார்ந்து சாப்பிடாத ஒருத்தி சாப்பிட்ட சாப்பாடு அது. பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. பெரியப்பாவுக்கும் புரிந்தது. தாய்மாமன் பெண்டாட்டியின் கை தாய்மாமன் கைதானா என்று அவர் பஞ்சாயத்து வைக்கவில்லை.

"தங்கச்சிக்கு வடை வையிங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்கம்மா. இன்னும் இருபது நிமிசம் இருக்கு" என்றார்.

நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அம்மா அழுதுகொண்டே இட்லி தின்றாள். மாமா தொழுவத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். பன்னிரண்டு மணி வரை யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பத்தரைக்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது.

வேன் திருச்சுழியை நெருங்கும்போது மாமா வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு உக்காந்திருக்கலாம்."

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? பசிக்கிறதுக்கா?"

நான் வெளியே பார்த்துச் சிரித்தேன். சிரித்ததை மறைக்கவும் இல்லை.

நிச்சயதார்த்தம் ஒரு மாதம் கழித்து, திருச்சுழியில் ஒரு சின்ன மண்டபத்தில். காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. மாமா எட்டரைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி சட்டை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பந்திக் கதவுப் பக்கத்தில் நின்றார். அன்று சாப்பிடுவது என்று முடிவு செய்து வந்திருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் நின்ற நிலையே சொன்னது. போன் சட்டைப் பையில் இல்லை. இதற்கு முன் அவரை நான் போன் இல்லாமல் பார்த்ததில்லை.

இலை போட்டாயிற்று. முதல் இலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று சமையல்காரர் கேட்டார். மாமா ஒரு அடி எடுத்து வைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா அவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் தேடினார்.

"தங்கச்சி எங்க? எங்க வீட்ல மொதக் கை நனைச்சது அவுகதான். அவுகளக் கூப்புடுங்க."

அத்தையைக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அம்மா, அப்புறம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், அப்புறம் பெரியவர்கள். வரிசை நிரம்பிவிட்டது. மாமாவிடம் யாரோ, "அண்ணாச்சிக்குத்தான் இன்னும் நேரம் இருக்கே, ரெண்டாவதுல உக்காரலாம்" என்றார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஏழு மாதமாக அவரே ஊருக்குச் சொல்லிவைத்ததுதானே.

அவர் எடுத்து வைத்த அடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பந்தி நீண்டுகொண்டே போனது. பூரி வந்தது, பொங்கல் வந்தது, அவருடைய கண் ஒவ்வொரு வாளியின் பின்னாலும் போய் வந்தது. என் பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நான் பார்க்கிற அதே கண். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் போகவில்லை. ஆனால் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் எடை எல்லாம் திரும்பி வந்துவிட்டது, கூட இரண்டு கிலோவோடு. அது வேறு கதை.

இரண்டாம் பந்தியில் அவர் உட்கார்ந்தார். சாம்பார் வாளி என் கையில் இருந்தது. அத்தை கை கழுவிவிட்டு, அவர் இலைக்கு முன்னால் தண்ணீர் வைக்க வந்தார். பொங்கலில் நெய் வழிந்துகொண்டிருந்தது. மாமா கையை இலைக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். தலையைத் தூக்கினார்.

"நீ சாப்டியா?" என்றார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அத்தை டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆச்சு. மொதப் பந்தியிலயே" என்றார்.

நான் சாம்பாரை ஊற்றினேன்.